பதினேழை முதலில் விட்டேன்

குரங்கு பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று நினைப்பவர்கள் குரங்கோடு வேலை பார்க்காதவர்கள். நான் நான்கு வருடம் பார்த்தவள், சொல்கிறேன்: அது சிரிப்பு இல்லை. "நீ பெரியவள், நான் சின்னவள், அடித்துவிடாதே" என்று வாயால் சொல்ல முடியாததால் உதட்டைப் பின்னுக்கு இழுத்துப் பல்லைக் காட்டுகிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் யார் யாரைப் பார்த்து இளிக்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன். எல்லப்பன் அண்ணாத்த டைரக்டரைப் பார்த்து இளிப்பார். வத்சலா மேடம் டைரக்டரைப் பார்த்துப் பாதி இளிப்பார். நான் எல்லாரையும் பார்த்து இளித்தேன். நிலையத்துப் பூனையைத் தவிர எனக்குக் கீழே யாரும் இல்லை. அதுவும் என்னை மதித்ததில்லை.

இது 2001-இல் நடந்தது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் ரோட்டில், நம்மை இறக்கிவிடும் கண்டக்டரே "இங்க இன்னாம்மா கீது?" என்று கேட்கிற ஓர் இடத்தில் நிலையம் இருந்தது. அங்கே ஒரு புதுத் தடுப்பூசியைக் குரங்குகளுக்குப் போட்டு, அவற்றின் ரத்தம் அதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலைக்கோயில் படிக்கட்டில் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற நம்மூர்க் குரங்கு இல்லை. வால் குட்டையான, முகம் சிவந்த வடக்கத்திக் குரங்கு. ரயிலில் வரும். வந்ததும் தொடையில் ஓர் எண்ணைப் பச்சை குத்துவோம். அதற்குப் பிறகு அந்த எண்தான் அதன் பெயர்.

என் பெயர் தமிழரசி. கொக்கிலமேட்டு மீனவக் குடும்பம். செங்கல்பட்டில் விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு இங்கே தற்காலிகப் பணியாளராகச் சேர்ந்தேன். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, ரத்தம் எடுக்கக் குரங்கைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. பட்டம் எதற்குப் பயன்பட்டது என்றால், கூண்டில் தொங்கும் அட்டையை எழுத்துக்கூட்டாமல் படிக்க. மதியச் சாப்பாடு முதலில் விஞ்ஞானிகளுக்கு, பிறகு நிரந்தரப் பணியாளர்களுக்கு, அப்புறம் எங்களுக்கு. எங்கள் முறை வரும்போது ரசத்தில் கருவேப்பிலை மட்டும் மிதக்கும். வருடத்தில் பாதி நாள் எனக்குச் சளி. வாய்ப்புண் ஒன்று போனால் இன்னொன்று வந்து உட்காரும். என் உடம்பு வாகு அப்படி என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

என் பொறுப்பில் இருந்த கூண்டில் ஐந்து பெண் குரங்குகள். மூன்று, ஐந்து, எட்டு, பதினொன்று, பதினேழு. மூன்றுதான் மகாராணி. மேல் பலகையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் முறை வைத்துப் பேன் பார்ப்பார்கள். தீனித் தட்டு ஒன்றே ஒன்று. மூன்று தின்று முடித்த பிறகு ஐந்து, பிறகு எட்டு. பதினேழு கடைசி. பதினேழு தட்டுப் பக்கம் வரும்போது எல்லாருக்கும் பல்லைக் காட்டிக்கொண்டே வருவாள். அவள் வாலில் ஒரு கடி காயம், ஐந்து மாதமாக ஆறவில்லை. முடி கொட்டி முதுகு பட்டை பட்டையாகத் தெரிந்தது. தடுப்பூசி போட்டால் மற்ற நான்கின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏறும். பதினேழின் ரத்தத்தில் எதுவும் ஏறாது.

"வீக் ஸ்டாக்," என்றார் டைரக்டர் பக்தவத்சலம். கூடுவாஞ்சேரியிலிருந்து ஜீப்பில் வருவார், கூண்டிலிருந்து பத்தடி தள்ளி நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார். "இதோட பிறவியே வீக். டேட்டாவக் கெடுக்குது. மாத்துக் குரங்கு வர ஆறு வாரம் ஆகும். வந்ததும் இதுக்கு ஊசி போட்டு முடிச்சிடுங்க."

முடிப்பது என்றால் கொல்வது. அதுவரை அவள் உயிரோடு இருக்கப் போவதற்குக் காரணமும் இரக்கம் இல்லை. ஒரு கூண்டுக்கு ஐந்து குரங்கு இருக்க வேண்டும் என்பது விதி.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஏனென்றால் பதினேழு வந்த நாளில் ரயில் கூண்டிலிருந்து அவளை இறக்கியவள் நான். அப்போது அவள் காது கிழிந்திருந்தது. புதிதாக வரும் குரங்கைத் தனிக் கூண்டில் வைத்துப் பார்ப்போம் அல்லவா, அந்தத் தனிக் கூண்டில் ஆறே நாளில் காது ஆறிவிட்டது. பிறவியிலேயே பலமில்லாதவளுக்குக் காது எப்படி ஆறும்? மற்ற நான்கோடு சேர்த்த பிறகுதான் வால் ஆறவில்லை. இதை எல்லாம் நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனேன். போய் நின்றதும் முதல் வேலையாக இளித்தேன். பழக்கதோஷம்.

"சார், பதினேழு வீக் இல்ல சார். அது இருக்கற இடம்தான் சார் அதக் கெடுக்குது."

"தீனி பத்தலைன்றியா? அப்ப அது உன் தப்பு."

"தீனி இல்ல சார். ஒரு மாசம் பக்கவாட்டு ஓட்டை வழியா அதுக்குத் தனியா ஊறவச்ச கடலையும் வாழைப்பழமும் குடுத்துப் பார்த்தேன். நானூறு கிராம் ஏறிடுச்சி. வால் ஆறல. ஒரு மணி நேரம் உட்காந்து எண்ணினேன் சார். பதினேழாம் நம்பரு தொண்ணூத்தி மூணு வாட்டித் திரும்பித் திரும்பிப் பின்னாடிப் பாக்குது. மூணாம் நம்பரு நாலே வாட்டிதான் பாக்குது. பயத்துலயே இருக்கறதுக்குப் புண் எப்படி சார் ஆறும்?"

அவர் நோட்டை வாங்கினார். அட்டையில் அச்சடித்திருந்த வாய்ப்பாட்டைத்தான் பார்த்தார். "நல்லா எழுதியிருக்கே. கையெழுத்து நல்லாருக்கு," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் மறுபடி இளித்துவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்து என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அந்த வாரமே கூண்டு மாற்றும் வேலை வந்தது. பழைய கூண்டின் கூரை ஒழுகியதால் பின்பக்கம் புதிதாக ஒன்று கட்டியிருந்தார்கள். ஐந்தையும் பிடித்து ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து, நாளுக்கு ஒன்றாகப் புதுக் கூண்டுக்குள் விட வேண்டும். ஒரே நாளில் விட்டால் சண்டை. எந்த வரிசையில் விடுவது என்று எங்கள் நிலையத்தில் யாரும் யோசித்ததே கிடையாது. எண் வரிசைதான். மூன்று, ஐந்து, எட்டு, பதினொன்று, பதினேழு. ரயிலில் வந்த வரிசை எண் ஆனது, எண் வரிசை கூண்டு வரிசை ஆனது. பெரிய படிப்புப் படித்தவர்கள் ஆறு பேர் இருந்த இடம் அது. அட்டையில் இருப்பது வெறும் எண் என்று அந்த ஆறு பேரும் நம்பினார்கள்.

எனக்கு மட்டும் ஏன் உறைத்தது என்றால், அதற்கு மீன் மார்க்கெட்தான் காரணம். என் அம்மா ஆதியம்மாள் திருக்கழுக்குன்றத்தில் மீன் விற்பவள். அங்கே யார் முதலில் கூடையை இறக்கினார்களோ அவர்களுடையது அந்த இடம், அவர்கள் சாகும்வரை. அம்மா பிற்பாடு வந்தவள் என்பதால் கடைசியில், சாக்கடை ஓரம் உட்கார்ந்தாள். பதினோரு வருடம். அவள் கணுக்காலில் ஒரு புண் இருந்தது. களிம்பு, கஷாயம், பெரியாஸ்பத்திரி எல்லாம் பார்த்தாகிவிட்டது. பிறகு மார்க்கெட்டை, அதே சாக்கடை ஓடும் பக்கத்துத் திடலுக்கு மாற்றிப் புதுக் கொட்டகை போட்டார்கள். திறந்த அன்று அம்மா முதல் பஸ்ஸில் போய், வாசலை ஒட்டிய இடத்தில் கூடையை இறக்கி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"பதினோரு வருசம் நாத்தத்துல குந்திகினு இருந்தவ நானு. இப்ப எவ வந்து எயுப்புறாளோ பாக்கறேன்," என்று கத்தினாளாம். எழுப்ப யாரும் வரவில்லை. ஒரு வாரத்தில் அந்த இடம் அவளுடையது என்று எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் கணுக்கால் புண் காய்ந்து தழும்பானது. அவள் அதைப் பற்றி ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. நான் நினைத்தேன்.

புதுக் கூண்டில் விடும் முதல் நாள். ஐந்து பெட்டிகளும் வரிசையாக இருந்தன. நிரந்தரப் பணியாளர் எல்லப்பன் அண்ணாத்த கையில் தாளோடு நின்றார். தாளைப் படிப்பது அவர் வேலை, தாழ்ப்பாளைத் திறப்பது என் வேலை. ரத்தப் பரிசோதனை செய்யும் வத்சலா மேடம் கண்ணாடிக் குழாய்களோடு ஓரமாக நின்றிருந்தார்.

"மூணு," என்று படித்தார் அண்ணாத்த.

நான் பதினேழின் பெட்டியைக் கூண்டு வாசலோடு ஒட்டித் தள்ளித் தாழ்ப்பாளை இழுத்தேன்.

"இன்னாமே தமிழு, இன்னா பண்ற நீ? மூணு மூணுன்னு கத்திகினு கீறேன், பதினேழத் தொறக்கற!"

"தெரியும் அண்ணாத்த. தெரிஞ்சிதான் தொறக்கறேன்."

பதினேழு உள்ளே போய்விட்டாள். வாசலிலேயே சுருண்டு உட்கார்ந்து, பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

டைரக்டர் வந்தார். முகம் அந்தக் குரங்குகளைவிடச் சிவந்திருந்தது. ஆனால் ஒன்றும் செய்ய முடியாது. வெருண்டுபோன குரங்கை அன்றே மறுபடி பிடிக்க வேண்டுமென்றால் மயக்க ஊசி போட வேண்டும். போட்டால் ரத்தப் பரிசோதனை பதினைந்து நாள் கெட்டுப்போகும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"யாரைக் கேட்டுத் திறந்தே?"

"யாரையும் கேக்கல சார்."

"ஓஹோ. அப்ப மீதியையும் நீயே உன் இஷ்டப்படி விடு. தலைகீழா விடு. ஆறு வாரத்துல ரத்தம் எடுப்போம். பதினேழு இப்படியே இருந்தா அதுக்கு ஊசி, உனக்கு வாசல்."

"சரி சார்," என்றேன். வேலை போய்விடுமே என்ற நினைப்பு அப்புறம்தான் வந்தது. அதற்காகச் சரி என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

அன்று முழுக்கப் பதினேழு தனியாக இருந்தாள். மதியம்வரை வாசலிலேயே. பிறகு தட்டுக்குப் போனாள். பல்லைக் காட்டினாள், காட்டுவதற்கு ஆள் இல்லாததால் வாயை மூடிக்கொண்டாள். சாயங்காலம் நான் கிளம்பும்போது மேல் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பதினொன்றை விட்டேன். புது இடத்தில் திகைத்து நின்ற பதினொன்று, மேலே ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மெதுவாகப் போய்ப் பேன் பார்க்க ஆரம்பித்தாள். அடுத்து எட்டு. அடுத்து ஐந்து. ஐந்து கொஞ்சம் சண்டை போட்டாள். பதினொன்றும் எட்டும் பதினேழோடு சேர்ந்து துரத்தியதும் அடங்கிவிட்டாள்.

ஐந்தாம் நாள் மூன்று. அன்று வேலையை விட்டுவிட்டு எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மூன்று உடம்பில் பதினேழைப்போல ஒன்றரை மடங்கு. "இன்னிக்கி உன் ஆளு காலி," என்றார் எல்லப்பன் அண்ணாத்த. நான் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கடித்துக் குதறிக்கொண்டால் பீய்ச்சிப் பிரிக்க அது ஒன்றுதான் வழி. தாழ்ப்பாளை இழுத்தேன்.

மூன்று நேராக மேல் பலகைக்குத்தான் போனாள். பாதி ஏறிப் பதினேழைப் பார்த்து வாயைத் திறந்து உறுமினாள். பதினேழின் முதுகு முடி சிலிர்த்தது. இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கை பலகை விளிம்பைத் தேடியதை நான் பார்த்தேன். இறங்காதேடி, இறங்காதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே அலறல். அவள் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து, ஐந்து மாதமாக நான் அவளிடம் கேட்டிராத ஒரு சத்தம் போட்டாள். பதினொன்று பாய்ந்து வந்து அவள் பக்கம் நின்றாள். எட்டு வந்தாள். மூன்று நின்றாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு மகாராணியின் உதடு மெல்லப் பின்னால் போனது. பல் தெரிந்தது.

எல்லப்பன் அண்ணாத்த "யப்பா" என்றார். நான் அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், குழாயைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மூன்றாவது வாரம் பதினேழின் வாலில் பக்கு உதிர்ந்து இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. ஐந்தாவது வாரம் முதுகில் முடி. ஆறாவது வாரம் ரத்தம் எடுத்த இரண்டாம் நாள், வேலை இல்லாமல் கூண்டுப் பக்கமே வராத வத்சலா மேடம் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் நடந்து வந்தார். அவர் அப்பா கோயிலில் கைங்கரியம் செய்பவர். குரங்குக் கொட்டகைக்குள் போய் வந்தால் வீட்டில் குளித்த பிறகுதான் உள்ளே விடுவார்களாம்.

"தமிழரசி, இதப் பாரேன். மூணு தடவை பண்ணிப் பார்த்துட்டேன், தப்பில்ல. பதினேழோட ஆன்டிபாடி நாலு மடங்கு ஏறியிருக்கு."

"மத்தது மேடம்?"

அவர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். எதிர்ப்புச் சக்தி அதிகமாக இருந்ததிலிருந்து குறைவுவரை: பதினேழு, பதினொன்று, ஐந்து, எட்டு, மூன்று. ஐந்தும் எட்டும் இடம் மாறியிருந்ததைத் தவிர, நான் தாழ்ப்பாளை இழுத்த அதே வரிசை. வத்சலா மேடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ரத்தத்துக்கு எப்படித் தெரியறது, தான் எத்தனாவதா உள்ள போனோம்னு?" என்று கேட்டார். நான் என் நோட்டை எடுத்து அந்த வரிசையை எழுதிக்கொண்டேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒருநாள்தான் நீடித்தது.

டைரக்டர் தாளைப் பார்த்தார். "இன்ட்ரஸ்டிங்," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, பதினேழு ஓகே. அப்ப மூணுதான் வீக். மாத்து வியாழக்கிழமை ரயில்ல வருது. மூணுக்கு ஃபார்ம் போடுங்க."

இளிக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

கூண்டுக்குத் திரும்பி வந்து அன்றுதான் மூன்றைச் சரியாகப் பார்த்தேன். வாசலோரம், தண்ணீர் தேங்கும் மூலையில் இருந்தாள். தோளில் முடி இல்லை. கழிச்சல். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன்: எண்பத்தெட்டு முறை திரும்பிப் பார்த்தாள். ஆறு வாரத்துக்கு முன்னால் நாலே முறை திரும்பிப் பார்த்தவள். இவளுக்கு என்ன குறை இருந்தது? ஒன்றும் இல்லை. பதினேழைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இவளை அந்த மூலையில் கொண்டுபோய் உட்கார வைத்தவள் நான். கடைசியை ஊசி போட்டு முடித்தால் அடுத்தவள் கடைசியாவாள். அவளையும் முடிப்பார்களா? ஐந்தும் தீரும்வரை யாராவது ஒருத்தி வீக்காக இருந்துகொண்டேதானே இருப்பாள்? எனக்கு டைரக்டர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் அதிகம்.

மறுநாள் காலை அம்மாவோடு ஒரே பஸ்ஸில் போனேன். மார்க்கெட்டில் கூடையை இறக்க உதவிவிட்டு நிலையத்துக்குப் போவதாக ஏற்பாடு. அம்மா பஸ் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"இன்னாம்மா ஆச்சி?"

"கல்லுத் தூக்கனோம்டி நேத்து, நாங்க அஞ்சி பேரு. அந்தப் பொன்னி இல்ல, புதுசா வந்தவ, இப்ப அவதான் சாக்கடையாண்ட குந்திகினு கீறா. ஒரே இருமலு. எனுக்குப் போச்சி, அவுளுக்கு வந்துச்சி. அந்தச் சாக்கடைக்கு யாராச்சும் ஒருத்தி வேணும் போல கீது. மார்க்கெட்டுக்காரன் கிட்ட கேட்டு கேட்டுப் பேஜாராப் போச்சி. அவன் இன்னா பண்றது, நாங்களே மூடிட்டோம்."

மார்க்கெட்டில் பார்த்தேன். சாக்கடை மேல் ஆறு கடப்பைக் கல் கோணல்மாணலாகப் போட்டிருந்தது. பொன்னி அதன் மேலேயே கூடையை வைத்து வஞ்சிரம் விற்றுக்கொண்டிருந்தாள். இருமிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் காலுக்குக் கீழே காய்ந்திருந்தது.

நிலையத்துக்குப் போனதும் பழைய கூண்டிலிருந்து தீனித் தட்டையும் ஒரு தகரத்தையும் கழற்றினேன். புதுக் கூண்டின் பின்மூலையில் வெளியிலிருந்து கம்பி போட்டுத் தட்டைக் கட்டினேன். மேல் பலகையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி தகரத்தைக் கம்பி இடுக்கு வழியாக உள்ளே செருகிக் குறுக்கே நிறுத்தினேன். தேங்கிய தண்ணீருக்கு வழி வெட்டிவிட்டேன். கடலை வைத்தேன். மூன்று வெகுநேரம் வரவில்லை. வந்தாள். தகரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றாள். அந்த அரை மணி நேரத்தில் ஏழு முறைதான் திரும்பிப் பார்த்தாள். மேலே பதினேழு தன் பாட்டுக்குப் பேன் பார்க்கக் கொடுத்துக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

பதினொரு மணிக்கு டைரக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் ஃபார்ம். குரங்கைக் கொல்ல வேண்டுமென்றால் அதைப் பார்த்துக்கொள்பவர், நோய் தீராதது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், ரத்தம் பார்த்தவர் அதற்குக் கீழே, டைரக்டர் கடைசியில். வத்சலா மேடம் ஏற்கெனவே நின்றிருந்தார். எல்லப்பன் அண்ணாத்த வாசல் பக்கம்.

"எழுது, நேரமாகுது," என்றார் டைரக்டர்.

எழுதினேன். எண்: மூன்று. வயது: எட்டு. நோயின் பெயர் என்ற இடத்தில் "கடைசி இடம்" என்று எழுதினேன். தீருமா தீராதா என்ற இடத்தில் "தீரும்" என்று எழுதினேன். அழகாகக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொன்னவரே அவர்தானே.

அவர் படித்தார். "என்ன இது?"

"நோயோட பேரு சார்."

"விளையாடறியா? இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"ரத்தத்துல இருக்கு சார். மேடம் எண்ணி வச்சிருக்காங்க. ஆறு வாரத்துக்கு முன்னாடி பதினேழுக்கு இருந்திச்சி. இப்ப மூணுக்கு இருக்கு. மூணக் கொன்னா எட்டுக்கு வரும். நீங்க எத்தினி ஊசி வாங்கி வச்சாலும் பத்தாது சார்."

வத்சலா மேடம் கையை நீட்டினார். ஃபார்மை வாங்கினார். அவர் கையெழுத்தைப் போட்டு, ரத்தக் கணக்குத் தாளையும் அதோடு குத்தினார். பன்னிரண்டு வருடப் பாதி இளிப்பை அன்று அவர் எங்கே வைத்துவிட்டு வந்தாரோ தெரியவில்லை.

டைரக்டருக்கு மூச்சு வாங்கியது. "தமிழரசி, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

"வருவேன் சார். மூணுக்கு யாரு தீனி வைப்பாங்க?"

"வேற ஃபார்ம் எடுங்க. எல்லப்பா, இங்க வா. நீ சீனியர். நீ போடு கையெழுத்து."

எல்லப்பன் அண்ணாத்த மேஜை அருகே வந்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். தினமும் வருகைப் பதிவேட்டில் நாலு சுழி சுழித்து, பக்கத்துக் கட்டத்தையும் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிற மனிதர். என்னை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை ஒரு பார்வை பார்த்தார்.

"எனுக்குக் கையெழுத்து வராது சார்."

"என்னது?"

"வராது சார். படிக்கல."

"அப்ப கைநாட்டு வை!"

"மை ஒத்துக்காது சார். அரிக்கும்."

மேலே மின்விசிறி மட்டும் டக் டக்கென்று ஓடியது. நான் அண்ணாத்தயின் வாயைப் பார்த்தேன்: மூடியிருந்தது. வத்சலா மேடத்தின் வாய் மூடியிருந்தது. என் உதடும் அசையவில்லை என்று எனக்குத் தெரிந்தது, அதை நான் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யவும் இல்லை, அப்படியே இருந்தது.

டைரக்டர் எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. ஃபார்மை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"சரி சரி, இதுக்கு ஏன் இவ்வளவு சீரியஸா? பார்க்கலாம், இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம்," என்றார். சொல்லிவிட்டு, உதட்டைப் பின்னுக்கு இழுத்து, முப்பத்திரண்டு பல்லும் தெரிய எங்களைப் பார்த்தார்.

அவர் சிரித்தார் என்றுதான் குரங்கோடு வேலை பார்க்காதவர்கள் சொல்வார்கள்.